ஓட்டோ கியர் வண்டி: ஒயிலை மாற்றுவதா, விடுவதா?

வீடும் காணியும் விட்டு வந்த குடும்பத்தின் கையில் மிஞ்சுபவை சிலவே. உழைக்கத் தெரிந்த கைகள் ஒன்று. சில குடும்பங்களுக்கு, மரக்கறி ஏற்றவும் கூலிக்கு ஓடவும் ஒரு பழைய வான் இன்னொன்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையும் மண்சரிவும் மாத்தளை மாவட்டத்திலும் பல குடும்பங்களை வீட்டைவிட்டு வெளியேற்றின. தோட்டமும் வயலும் மீண்டும் பலன் தரும்வரை அந்த ஒரு வண்டியின் உழைப்பில் இரண்டு மூன்று வீடுகளின் அடுப்பு எரிவதை நாம் பார்க்கிறோம்.

அந்த வண்டி நின்றுபோனால் வருமானம் நிற்கும். லீசிங் தவணை நிற்காது. ஆகவே வண்டியைப் பற்றிய அறிவும் இன்று பயிரைப் பற்றிய அறிவைப் போல நமக்குத் தேவையாகிறது.

இப்போது நம் மக்களிடம் உள்ள சிறிய வான்களில் பல, யப்பானில் ஓடி இங்கே வந்த ஓட்டோ கியர் வண்டிகள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடையில் ஏறத்தாழ 5 வருடம் புதிதாக வண்டி வராததால், இருந்த வண்டிகளே கைமாறிக் கைமாறி ஓடின. இப்படிக் கைமாறிய வண்டியை வாங்கியவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "கியர் பெட்டியின் ஒயிலை மாற்ற வேண்டுமா?"

இதற்குக் கிடைக்கும் பதில்கள் ஒன்றுக்கொன்று முரணானவை. "அது ஆயுள் முழுவதற்கும் போட்ட ஒயில், தொடவே கூடாது" என்பார் ஒருவர். "பழைய ஒயிலை மாற்றினால் மறுநாளே கியர் பெட்டி போய்விடும்" என்பார் இன்னொருவர். "உடனே மெஷினில் போட்டு முழுவதையும் கழுவ வேண்டும்" என்பார் மூன்றாமவர். மூன்றையும் கேட்டவர் ஒன்றும் செய்யாமல் வண்டியை ஓட்டுகிறார். இந்தப் பாடத்தில் இக்கேள்வியை ஒழுங்காக ஆராய்ந்து, நாமே முடிவெடுக்கும் வழியைக் கற்போம்.

1. உள்ளே நடப்பது என்ன?

சாதாரண கியர் வண்டியில் எஞ்சினையும் கியர் பெட்டியையும் இணைப்பதும் பிரிப்பதும் நமது இடது கால் மிதிக்கும் கிளச். ஓட்டோ கியர் வண்டியில் அந்த வேலையை ஒயில் செய்கிறது.

எதிரெதிராக இரண்டு மின்விசிறிகளை வைத்து ஒன்றை மட்டும் சுழலவிட்டால், அதன் காற்றில் மற்றதும் சுழலத் தொடங்கும். இப்படிக் காற்றுக்குப் பதிலாக ஒயிலில் சுழலும் இரண்டு விசிறிகள்தான் டோர்க் கொன்வேட்டர் எனப்படும் உருண்டையான பகுதியில் இருக்கின்றன. ஒன்று எஞ்சினோடு சுழலும். அது தள்ளும் ஒயில் மற்றதைச் சுழற்றி கியர் பெட்டியை இயக்கும்.

அதற்குப் பின்னால் பல்சக்கரங்களும் அடுக்கடுக்கான கிளச் தட்டுகளும் உள்ளன. கியர் மாறும்போது ஒயில் அழுத்தம் ஓர் அடுக்கை இறுக்கி, மற்றோர் அடுக்கைத் தளர்த்துகிறது. எந்த அடுக்குக்கு எப்போது ஒயில் போக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது வால்வ் பொடி. அதில் எலி வளை போல நுண்ணிய பாதைகள் பல உண்டு. கிளச் தட்டுகளின் மேல் கடதாசி போன்ற நாரினால் ஆன உராய்வுப் படை ஒட்டப்பட்டிருக்கும்.

ஆகவே இந்த ஒயில் ஒரே நேரத்தில் 5 வேலைகளைச் செய்கிறது: எஞ்சினின் சக்தியைக் கடத்துகிறது, கிளச் தட்டுகளை அழுத்துகிறது, பல்சக்கரங்களைத் தேயாமல் காக்கிறது, சூட்டை எடுத்துச் செல்கிறது, தேய்ந்த துகள்களைப் பில்டருக்குக் கொண்டுபோகிறது. எஞ்சின் ஒயிலையே மாற்றாமல் ஓட்ட அஞ்சுகிற நாம், இத்தனை வேலை செய்யும் ஒயிலை மறந்துவிடுவது சரியல்ல.

2. ஒயில் ஏன் கெடுகிறது?

எஞ்சின் ஒயிலைப் போல இதில் கரி சேர்வதில்லை. இதன் பெரிய எதிரி சூடு. வழமையாக ஓடும்போது இந்த ஒயிலின் சூடு 80 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் ஒயிலின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது இத்தொழிலில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அப்படிப் பார்த்தால் 100 பாகையில் ஓடும் வண்டியின் ஒயில், 80 பாகையில் ஓடும் வண்டியின் ஒயிலைவிட 4 மடங்கு வேகமாகக் கெடும்.

சூடு எங்கே கூடும்? சுமையோடு மெதுவாக ஏற்றம் ஏறும்போதுதான். இரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் பக்கம் ஏறும் பாதையையும், கண்டிக்குப் போகும்போது வரும் பலகடுவை ஏற்றத்தையும் நினைத்துப் பாருங்கள். போஞ்சி மூட்டைகளோடு அங்கே ஏறும் வானின் கியர் பெட்டி, தம்புள்ளைக்கு அப்பால் சமதரையில் வெறுமையாக ஓடும் காரின் கியர் பெட்டியைவிட எத்தனையோ மடங்கு சிரமப்படுகிறது.

"ஆயுள் முழுவதற்கும் போட்ட ஒயில்" என்ற பேச்சின் உண்மை இங்கேதான் வெளிப்படுகிறது. சில கம்பனிகளின் கையேடுகள், சாதாரண ஓட்டத்துக்கு ஒயில் மாற்றத் தேவையில்லை என்கின்றன. ஆனால் பாரம் ஏற்றுதல், இழுவை, மலைப்பாதை போன்ற கடின ஓட்டத்துக்கு மாற்றும் காலத்தைத் தனியாகக் குறிப்பிடும் கையேடுகளும் பல உண்டு. நமது ஓட்டம் கடின ஓட்டமே. மேலும் கம்பனி நினைக்கும் "ஆயுள்" வேறு, நாம் நினைக்கும் ஆயுள் வேறு. யப்பானில் ஒருவர் 8, 10 வருடம் பாவித்துக் கழித்த வண்டியை இங்கே இன்னும் 15 வருடம் ஓட்ட வேண்டும் என்பது நம் எண்ணம். அந்த ஆயுளுக்கு எந்த ஒயிலும் போதாது.

3. மாற்றினால் கியர் பெட்டி போய்விடுமா?

இந்த அச்சம் வெறும் கட்டுக்கதை அன்று. ஒயில் மாற்றிய சில நாட்களில் நின்றுபோன வண்டிகள் உண்டு. ஆனால் காரணத்தைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

முதற் காரணம்: பலர் கியர் வழுக்கத் தொடங்கிய பிறகே ஒயிலை நினைக்கிறார்கள். அப்போது கிளச் தட்டுகளின் உராய்வுப் படை ஏற்கெனவே எரிந்து தேய்ந்துவிட்டது. புதிய ஒயில் அந்தப் படையை மீண்டும் வளர்க்காது. சாகும் தறுவாயில் கொடுத்த மருந்தின் மேல் சாவுப் பழியைப் போடுவது போன்றது இது.

இரண்டாம் காரணம்: பல வருட அழுக்குப் படிந்த பெட்டியை மெஷின் அழுத்தத்தால் ஒரே நாளில் கழுவுவது. அடியில் அசையாமல் கிடந்த கசடு கிளம்பி, வால்வ் பொடியின் நுண்ணிய பாதைகளில் போய் அடைக்கலாம்.

மூன்றாம் காரணம்: பிழையான ஒயில், அல்லது பிழையான அளவு.

எனவே பழி ஒயில் மாற்றத்தின் மேல் அன்று. பிந்திய மாற்றத்தின் மேலும் பிழையான முறையின் மேலும்தான். நன்றாக ஓடும் பெட்டிக்கு உரிய ஒயிலைப் படிப்படியாக மாற்றுவதால் தீங்கில்லை.

4. முதலில் பரிசோதியுங்கள்

கராஜுக்குப் போகுமுன் நாமே செய்யக்கூடிய சோதனை இது. ஒரு வெள்ளைக் கடதாசி, ஒரு துணித்துண்டு போதும்.

வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். 15, 20 நிமிடம் ஓடிய பின் ஒயில் சூடாக இருக்கும்போது பாருங்கள். டொயோட்டா உட்படப் பல வண்டிகளில் ஹாண்ட்பிரேக்கைப் போட்டு, பிரேக்கை மிதித்தபடி, கியர் தடியை எல்லா எழுத்துகளுக்கும் ஒருமுறை நகர்த்தி மீண்டும் "பீ"யில் வைத்து, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கம்பியை இழுத்துப் பார்க்க வேண்டும். ஹொண்டா வண்டிகளில் எஞ்சினை நிறுத்தியவுடன் பார்க்க வேண்டும். கம்பியைத் துடைத்து, மீண்டும் விட்டு எடுத்து, சூடான நிலைக்குரிய குறிகளுக்கு இடையில் ஒயில் நிற்கிறதா என்று பாருங்கள்.

பின்னர் ஒரு துளியைக் கடதாசியில் விடுங்கள்.

அ. சிவந்து தெளிவாகப் பரவினால் ஒயில் நல்ல நிலையில் உள்ளது.

ஆ. மண்ணிறமாகி, எரிந்த மணம் இல்லாதிருந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது.

இ. கறுத்து, எரிந்த மணம் வீசினால் உள்ளே கிளச் தட்டுகள் எரிந்திருக்கின்றன. மினுங்கும் உலோகத் துகள்கள் தெரிந்தால் தேய்மானம் ஆழமானது.

ஈ. பலூடா போல இளஞ்சிவப்பாகக் கலங்கியிருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. வண்டியை மேலும் ஓட்டாதீர்கள். பல வண்டிகளில் இந்த ஒயிலைக் குளிராக்கும் குழாய் ரேடியேட்டருக்குள்ளேயே உள்ளது. அது துருப்பிடித்து உடைந்தால் ரேடியேட்டர் தண்ணீர் கியர் பெட்டிக்குள் போகும்.

நிறத்தை மட்டும் நம்பவும் கூடாது. எல்லாக் கம்பனி ஒயிலும் சிவப்பல்ல. சில ஒயில்கள் கெடாமலே சற்று நிறம் மாறும். ஆகவே ஓட்டத்தையும் கவனியுங்கள். எஞ்சின் சூடான பின், பிரேக்கை மிதித்துக்கொண்டு "என்"னிலிருந்து "டீ"க்கு மாற்றினால் ஒன்று, ஒன்றரை வினாடிக்குள் கியர் பிடிக்க வேண்டும். மூன்று நான்கு வினாடி தாமதித்தால் பழுது. எஞ்சின் இரைச்சல் கூடியும் வண்டி வேகம் கூடாவிட்டால் அது வழுக்கல்.

வழுக்கல் தெரிந்தால் உடனே மனம் உடைய வேண்டாம். முதலில் ஒயில் அளவைப் பாருங்கள். எங்காவது கசிந்து அளவு குறைந்திருந்தாலும் இதே அறிகுறிதான் தோன்றும். கசிவை அடைத்து, உரிய ஒயிலை அளவாக நிரப்பியதும் சரியாகிவிடக்கூடும்.

சில புதிய வண்டிகளில் அளவு பார்க்கும் கம்பியே கிடையாது. அடியிலுள்ள ஆணியைக் கழற்றி, குறிப்பிட்ட சூட்டில் ஒயில் வழிவதைக் கொண்டு அளவைத் தீர்மானிப்பார்கள். சூட்டை அளக்கும் கருவி உள்ள கராஜிலேயே இதைச் செய்விக்க வேண்டும்.

5. முடிவெடுக்கும் முறை

முதல் நிலை: கியர் மென்மையாக மாறுகிறது, ஒயில் சிவப்பாகவோ மண்ணிறமாகவோ உள்ளது. இந்த வண்டிக்குத் தயங்காமல் ஒயில் மாற்றுங்கள். பெட்டி நலமாக இருக்கும்போது செய்யும் செலவே பலன் தரும் செலவு.

இரண்டாம் நிலை: கியர் மாறும்போது சிறிது அதிர்கிறது; வழுக்கல் இல்லை; ஒயில் கறுத்தாலும் எரிந்த மணம் பலமாக இல்லை. படிப்படியாக மாற்றலாம். நன்மை கிடைக்கும் வாய்ப்பு அதிகம். ஆனால் உறுதி இல்லை என்பதைத் தெரிந்துகொண்டே செலவு செய்யுங்கள்.

மூன்றாம் நிலை: ஒயில் அளவு சரியாக இருந்தும் கியர் வழுக்குகிறது, எரிந்த மணம் வீசுகிறது, உலோகத் துகள் தெரிகிறது. இந்த வண்டிக்கு ஒயில் வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம். பெட்டியைப் பிரித்துத் திருத்துவதா, யப்பானில் இருந்து வந்த பாவித்த பெட்டி ஒன்றைப் போடுவதா என்று இரண்டு கராஜ்களில் தனித்தனியாக விலை கேளுங்கள். வண்டியின் பெறுமதியோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். விலையைக் கேட்குமுன் நுண்கடனுக்குக் கையெழுத்து வைக்காதீர்கள். ஓட்டையான வாளியில் நீர் நிரப்பியது போல் கடனும் கரைந்து வண்டியும் கரைந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு.

6. எத்தனை கிலோமீற்றருக்கு ஒருமுறை?

கையேடு கிடைத்தால் அதில் கடின ஓட்டத்துக்குக் குறித்த கணக்கைப் பின்பற்றுங்கள். கையேடு இல்லாவிட்டால், பாரம் ஏற்றி மலையில் ஓடும் வண்டிக்கு 40,000 கிலோமீற்றர் அல்லது 2 வருடம், இரண்டில் எது முந்துகிறதோ அது, என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பான வழி.

ஒரு கணக்கைப் பார்ப்போம். மாத்தளையிலிருந்து தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்குப் போய்வர ஏறத்தாழ 90 கிலோமீற்றர். கிழமைக்கு மூன்று தடவை போனால் 270 கிலோமீற்றர். வருடத்துக்கு 52 கிழமை என்றால் 14,040 கிலோமீற்றர். ஊருக்குள் ஓடுவதையும் சேர்த்தால் 2 வருடத்தில் 40,000 கிலோமீற்றரை நெருங்கிவிடுவோம். ஆகவே இரண்டு பெரும்போகத்துக்கு ஒரு தடவை என்று நினைவில் வைத்தால் மறக்காது.

செலவையும் இப்படியே பிரித்துப் பாருங்கள். ஒயிலுக்கும் கூலிக்கும் கராஜில் சொல்லும் தொகையை 100 கிழமைகளால் வகுத்தால், கிழமைக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்பது தெரியும். அந்தச் சிறு தொகையை ஓட்டக் கூலியிலிருந்து முதலிலேயே எடுத்து வைப்பவருக்கு ஒயில் மாற்றம் ஒரு சுமையாக வராது.

7. மாற்றும் சரியான முறை

அடி ஆணியைக் கழற்றினால் எல்லா ஒயிலும் வடியாது. டோர்க் கொன்வேட்டருக்குள்ளும் குழாய்களுக்குள்ளும் பெரும்பகுதி தங்கிவிடும். உதாரணமாக, மொத்தம் 7 லீற்றர் கொள்ளும் பெட்டியில் ஒருமுறை 3 லீற்றர் வடிகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் மாற்றத்தின் பின் உள்ளே பழைய ஒயில் 4 லீற்றர் இருக்கும். இரண்டாம் மாற்றத்தின் பின் ஏறத்தாழ 2.3 லீற்றர். மூன்றாம் மாற்றத்தின் பின் ஏறத்தாழ 1.3 லீற்றர். அதாவது 9 லீற்றர் புதிய ஒயிலில், பழையது ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே குறைந்துவிடும்.

நீண்டகாலம் மாற்றாத வண்டிக்கு இதுவே நல்ல வழி. ஒருமுறை வடித்து நிரப்பி 500 முதல் 1,000 கிலோமீற்றர் ஓடுங்கள். கியர் ஒழுங்காக மாறினால் இரண்டாம் தடவையும், பின்னர் மூன்றாம் தடவையும் செய்யுங்கள். அழுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். செலவும் மூன்று தவணையாகப் பிரியும். ஒயில் பானைக் கழற்றக்கூடிய வண்டியில், முதல் தடவையே கழற்றி, உள்ளேயுள்ள காந்தத்தில் ஒட்டியதைப் பாருங்கள். சாம்பல் நிறமான மா போன்ற படிவு இயல்பானது. கையில் குத்தும் இரும்புச் சீவல்கள் ஆபத்தின் அடையாளம். பில்டரை மாற்றுங்கள் அல்லது, கம்பி வலையாக இருந்தால், கழுவிப் போடுங்கள்.

வடிந்த ஒயிலை வெறும் சோடாப் போத்தல்களில் ஊற்றி அளந்து, அதே அளவு புதிய ஒயிலை ஊற்றுங்கள். பின்னர் கம்பியால் மீண்டும் பாருங்கள். குறைந்தால் பம்பிக்குள் காற்றுப் போகும்; கூடினால் ஒயில் நுரைக்கும். இரண்டிலும் அழுத்தம் விழுந்து கிளச் தட்டுகள் எரியும்.

வண்டிக்கு அடியில் படுப்பவர் ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. உறுதியான தாங்கி வைக்க வேண்டும். சூடான ஒயில் கையைச் சுடும். கழிவு ஒயிலை வாய்க்காலில் ஊற்றாதீர்கள். அது சுதுகங்கைக்குப் போய், கீழேயுள்ளவர்களின் வயலுக்கும் கிணற்றுக்கும் போகும். கராஜில் கழிவு ஒயில் சேர்க்கும் பீப்பாயில் கொடுங்கள்.

8. எந்த ஒயில்?

"ஓட்டோ கியர் ஒயில் ஒரு கான் தாருங்கள்" என்று கடையில் கேட்பது போதாது. 1939இல் அமெரிக்க ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனி ஹைட்ரா-மெட்டிக் என்ற பெயரில் பெருந்தொகையாக ஓட்டோ கியர் பெட்டிகளைச் செய்யத் தொடங்கியது. அக்காலம் தொட்டே இந்த ஒயிலின் சேர்மானம் முக்கியமாக இருந்து வருகிறது. கிளச் தட்டுகள் மென்மையாகப் பிடிப்பதற்காக முன்னர் திமிங்கில எண்ணெய் கூடச் சேர்த்தார்கள். 1970களின் தொடக்கத்தில் திமிங்கிலங்களைக் காக்க அமெரிக்கா அதைத் தடுத்தபோது, ஒயில் செய்பவர்கள் அதற்கு மாற்றுத் தேட வேண்டியதாயிற்று. ஒயிலில் உள்ள சிறு சேர்மானம் கியர் பெட்டியின் நடத்தையையே மாற்றும் என்பதை இது காட்டுகிறது.

இன்று ஒவ்வொரு கம்பனிக்கும் தனித்தனி வகைகள் உண்டு. டொயோட்டாவில் டைப் டீ-4, பிந்திய வண்டிகளில் டபிள்யூ-எஸ். நிசானில் மெட்டிக்-ஜே, மெட்டிக்-எஸ். ஹொண்டாவில் முன்னர் இசட்-1, பின்னர் டீ-டபிள்யூ-1. பல வண்டிகளில் அளவு பார்க்கும் கம்பியிலேயே வகை பொறிக்கப்பட்டிருக்கும். அதைக் கடதாசியில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

வெளியில் ஓட்டோ கியராகத் தெரியும் எல்லாம் உள்ளே ஒன்றல்ல என்பதையும் கவனியுங்கள். சீ-வீ-டீ வகையில் கியர் அடுக்குகளுக்குப் பதிலாக இரண்டு கப்பிகளும் ஓர் உலோகப் பட்டியும் உள்ளன. அதற்குத் தனி ஒயில். நிசானில் என்-எஸ்-2, என்-எஸ்-3 என்பவை அவ்வகை. சாதாரண ஓட்டோ ஒயிலை அதில் ஊற்றினால் பட்டி வழுக்கிப் பெட்டி அழியும். சுசூகி எவ்ரி வான்கள் சிலவற்றில் உள்ள ஏ-ஜீ-எஸ் வகை, உண்மையில் சாதாரண கியர் பெட்டிதான். கிளச்சை நமது காலுக்குப் பதிலாக ஒரு கருவி மிதிக்கிறது. அதற்குச் சாதாரண கியர் ஒயிலும், அந்தக் கருவிக்கு வேறு திரவமும் வேண்டும். ஆகவே வகையை உறுதி செய்யாமல் ஒரு துளியும் ஊற்றாதீர்கள்.

9. வெள்ளத்தில் நின்ற வண்டி

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிக்கு மேலே சொன்ன 2 வருடக் கணக்குப் பொருந்தாது. கியர் பெட்டிக்கு மூச்சு விடும் ஒரு சிறு துளை உண்டு. வெள்ளம் அதற்கு மேல் நின்றால் தண்ணீர் உள்ளே போகும். கிளச் தட்டுகளின் கடதாசிப் படை தண்ணீரை உறிஞ்சி ஊதும். ஒட்டிய பசை விடும்.

எனவே எஞ்சினை முடுக்கிப் பார்க்காதீர்கள். முதலில் கம்பியை இழுத்துப் பாருங்கள். ஒயில் பலூடா நிறமாக இருந்தால், முழுவதையும் வடித்து, குளிராக்கும் குழாயையும் கழுவி, தெளிவாகும்வரை திரும்பத் திரும்ப மாற்ற வேண்டும். எஞ்சினைப் போடாமல் விரைவில் செய்தால் பெட்டியைக் காப்பாற்றும் வாய்ப்பு உண்டு. ஓட்டிய பின் செய்தால் வாய்ப்புக் குறைவு.

அப்படி நின்ற வண்டியைக் கயிறு கட்டி இழுத்துச் செல்லவும் கூடாது. எஞ்சின் ஓடாதபோது ஒயில் பம்பி வேலை செய்யாது. சில்லுகள் சுற்றும்போது பெட்டி ஒயில் இல்லாமல் தேயும். எஞ்சின் சக்தி போகும் சில்லுகளை நிலத்தில் படாமல் தூக்கி, அல்லது லொறியில் ஏற்றிக் கொண்டுபோக வேண்டும்.

10. ஓட்டுபவர் கையில் உள்ளது

நல்ல பழக்கம் இல்லாவிட்டால் புதிய ஒயிலும் விரைவில் கெடும்.

பின்னோக்கி வந்த வண்டி முழுதாக நின்ற பிறகே "டீ"க்கு மாற்றுங்கள்.

ஏற்றத்தில் வண்டியை அக்சலேட்டரால் பிடித்து நிறுத்தாதீர்கள். பிரேக்கை மிதியுங்கள்.

நீண்ட ஏற்றத்தில் சுமையோடு போகும்போது கியர் மாறி மாறித் தடுமாறினால் "2" அல்லது "எல்"லில் வைத்து ஏறுங்கள். இறக்கத்திலும் அப்படியே. பிரேக்கும் காப்பாற்றப்படும்.

பெற்றோல் மிச்சம் என்று இறக்கத்தில் "என்"னில் விடாதீர்கள். அது கியர் பெட்டிக்கும் கேடு, உயிருக்கும் ஆபத்து.

சரிவில் நிறுத்தும்போது முதலில் ஹாண்ட்பிரேக், பிறகு "பீ".

வண்டிக்குள் ஒரு கொப்பி வையுங்கள். ஒயில் மாற்றிய திகதி, கிலோமீற்றர், ஒயிலின் வகை, ஊற்றிய அளவு ஆகிய நான்கையும் எழுதுங்கள். வண்டியைப் பலர் சேர்ந்து பாவித்தால் இந்தக் கொப்பி சண்டையையும் தவிர்க்கும். விற்கும் நாளில் நல்ல விலைக்குச் சான்றாகவும் அமையும். பழைய வண்டி வாங்கப் போகிறவரும் இத்தகைய கொப்பியைக் கேட்க வேண்டும். அது இல்லையென்றால் வெள்ளைக் கடதாசிச் சோதனையைச் செய்யாமல் முற்பணம் கொடுக்கக் கூடாது.

சுருக்கமாகச் சொன்னால்: நன்றாக ஓடும் பெட்டிக்குக் காலத்தில் ஒயிலை மாற்றுங்கள். நீண்டகாலம் மாற்றாததைப் படிப்படியாக மாற்றுங்கள். வழுக்கும் பெட்டிக்கு ஒயிலை மருந்தாக நம்பாதீர்கள். வயலுக்குப் பசளை போடும் காலம் ஒன்று உண்டு. கதிர் பதராகிய பின் போடும் பசளை யாருக்கும் பயனில்லை.

குழுவாகக் கலந்துரையாட:

1. நமது குழுவில் ஓட்டோ கியர் வண்டிகள் எத்தனை? அவற்றில் கடைசியாக ஒயில் மாற்றிய திகதி தெரிந்தவை எத்தனை?

2. அடுத்த கூட்டத்துக்கு வண்டிகளைக் கொண்டுவந்து, கடதாசிச் சோதனையைச் சேர்ந்து செய்ய முடியுமா? எந்த வண்டி எந்த நிலையில் உள்ளது?

3. ஒரே வகை ஒயில் தேவைப்படும் வண்டிகளுக்குச் சேர்ந்து பெரிய கானாக வாங்கினால் எவ்வளவு மிச்சமாகும்?

4. ஓட்டக் கூலியிலிருந்து கிழமைதோறும் வண்டிக்கென்று ஒதுக்க வேண்டிய தொகை எவ்வளவு? அதை யார் பொறுப்பில் வைப்பது?